எட்டு ஜன்னல் திரைகள்

ஆலையில் அவளுக்குப் பூக்காரி என்று பெயர். பூ விற்றவள் இல்லை, வரைந்தவள். திரைச்சீலைக்கும் படுக்கை விரிப்புக்கும் இருபத்திரண்டு வருடம் பூ வரைந்தாள். துணியின் இடது ஓரத்தில் பாதிப் பூ நின்றால், மீதிப் பாதி வலது ஓரத்தில் வந்து அதே காம்பில் உட்கார வேண்டும். ஒரு நூல் தள்ளிப் போனாலும் ஆயிரம் மீட்டரும் பாழ். துணியில் அவள் ஒருநாளும் தப்பியதில்லை. மனுஷர் விஷயத்தில்தான் எப்போதும் ஒரு நூல் தள்ளிப் போய்விடும். புருஷன் வேறொருத்தியோடு போனான். அடுத்த வருடம் ஆலை வேறு கைக்கு மாறியது. புது முதலாளிக்குப் பூவே பிடிக்காது. விற்காமல் கிடந்த அவளுடைய நீலப் பூத் துணியில் பதினோரு சுருளைத் தலையில் கட்டி அனுப்பி வைத்தார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் ஏரிக்கரை மரவீடு. கோடை விடுமுறைக்கென்று அப்பா கட்டியது, மகன் பேரில் எழுதி வைத்தது. மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருப்பாள் என்று அவர் நினைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். "இருந்துக்க அக்கா, சும்மாதானே பூட்டிக் கிடக்கு" என்றான் தம்பி. நான்கு வருடம் இருந்தாள். தம்பி நல்லவன்தான். எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் நல்லவன்.

நாலாம் வருடம் குளிர் விடுகிற நேரத்தில் வந்தான். வராந்தாவில் நின்று, காலால் ஒரு பலகையை அழுத்திப் பார்த்தான். பலகை முனகியது.

"வித்துடலாம்னு இருக்கோம் அக்கா. என் வீட்டுக்காரிக்கு இந்த வீடு பிடிக்கவே மாட்டேங்குது. ஒரே பூசண வாடைங்கறா. பாப்பா போன தடவை வந்தப்ப ராத்திரியெல்லாம் தும்மிக்கிட்டே இருந்தா."

"நான் எங்கடா போவேன்?"

"பாக்கலாம் அக்கா. ஏதாவது பண்ணலாம்."

ஏதாவது பண்ணலாம் என்று யாராவது சொன்னால் ஒன்றும் பண்ணமாட்டார்கள் என்று அர்த்தம். அது தெரிகிற வயசு அவளுக்கு. அதனால் கெஞ்சவில்லை, பேரம் பேசினாள். "ஒரு கோடை குடு. வீட்டை நான் சரி பண்றேன். நீங்க மூணு பேரும் வந்து பத்து நாள் இருங்க. அவளுக்கும் பாப்பாவுக்கும் பிடிச்சிருந்தா விக்கக் கூடாது. பிடிக்கலைன்னா நானே பெட்டியக் கட்டிடறேன்."

தம்பி வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். பாசி பிடித்த பலகைச் சுவர், தொங்கிப்போன கூரை ஓரம். "சரி அக்கா" என்றான். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே அவளை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. மண்குதிரை என்று தெரிந்தும் ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு வேறு படகு இருப்பதில்லை.

வேலை தொடங்கியது. சுவர்ப் பாசியைச் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, வெள்ளையடித்தாள். பளீர் வெள்ளை இல்லை, துளி சாம்பல் கலந்த வெள்ளை. தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பிய்த்தெடுத்து மரத்தைத் தேய்த்து அப்படியே விட்டாள். கொல்லையில் கிடந்த பிரம்பு நாற்காலிகளின் காலுக்குக் கட்டுப் போட்டாள். பழைய படுக்கை உறைகள் கோடு போட்டவை, மேஜை விரிப்பு கட்டம் போட்டது. எல்லாவற்றையும் ஒரே நீலச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்தாள். கோடு கட்டிலுக்கு, கட்டம் இருக்கைக்கு, பூ ஜன்னலுக்கு. மூன்றும் ஒரே நீலமாக இருந்தால் ஒன்றோடொன்று சண்டை போடாது, ஒரு வயிற்றில் பிறந்த மாதிரி இருக்கும் என்பது அவள் கொள்கை. ஒரு வயிற்றில் பிறந்ததுகள் சண்டை போடாது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

பூத்துணியில்தான் அவளுடைய சூட்சுமம் இருந்தது. எட்டு ஜன்னலுக்கும் அதைத் திருப்பித் தைத்தாள். அச்சு விழுந்த நல்ல பக்கம் கண்ணாடியைப் பார்த்து, சாயம் ஊறி மங்கலாகத் தெரிகிற பின்பக்கம் அறையைப் பார்த்து. கை மறதி இல்லை, வேண்டுமென்றே செய்தது. கோடை வீட்டில் எதுவும் புதுசாகத் தெரியக் கூடாது. வருஷா வருஷம் வந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, வெயிலில் வெளுக்கவிட்டுப் போன மாதிரி இருக்க வேண்டும். இருபது கோடை நடந்த வீடு என்று துணி சொல்ல வேண்டும். நடக்காத கோடைகளைத் துணியைத் திருப்பியே நடத்திக் காட்டிவிடலாம் என்று நம்பினாள். தொழில் தெரிந்தவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள். தொழில் தெரியாதவர்களுக்கு இவ்வளவு நம்பிக்கை வராது.

கோடை தொடங்கியதும் திரைகளைத் தொங்கவிட்டாள். இரண்டாவது வாரம் அவர்கள் வந்தார்கள்.

தம்பி மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணி, நிஜமா அதே வீடுதானா இது?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றாமல் ஒவ்வொரு அறையாக நடந்தாள். பத்து வயதுப் பாப்பா ஜன்னல் இருக்கையில் சாய்ந்தவள் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தாள். ஒரு தும்மல் இல்லை. மூன்றாம் நாள் தம்பி மனைவி மேஜையில் கிண்ணத்தை இப்படி வைத்து, அப்படி வைத்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பூக்காரி அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். பிடித்திருந்தால்தானே படம் எடுப்பார்கள்.

கிளம்புகிற அன்று பாப்பா தன் வைக்கோல் தொப்பியை வராந்தாக் கொக்கியில் மாட்டினாள்.

"தொப்பிய எடுத்துக்கடி" என்றாள் அம்மா.

"அடுத்த வருஷமும் வரத்தானே போறோம். இங்கயே இருக்கட்டும். அத்தை, யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க."

"யாருக்குடி குடுப்பேன்" என்றாள் பூக்காரி. கார் தெருமுனை திரும்பிய பிறகும் வராந்தாவில் நின்று அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடத்தில் அன்றைக்குத்தான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

மூன்று வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். குசலம் விசாரித்தான். இரண்டு தடவை விசாரித்தான். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பிடிச்சிருந்துதேடா" என்றாள், அவன் விஷயத்துக்கு வருமுன்பே.

"பிடிச்சிருந்துச்சு அக்கா. பொய் சொல்லலை. அவ போட்டோ போட்டா பாரு, இது எங்க, விலைக்கு வருமான்னு ஆளாளுக்குக் கேட்டுட்டாங்க. ஒருத்தர் நேர்லயே வரேன்னுட்டாங்க."

"பிடிச்சா விக்க மாட்டேன்னு சொன்னே."

"சொன்னேன்" என்றான். "இந்த வீட்ட யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சு சொன்னேன் அக்கா."

அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவன் சொன்ன ஒரே நிஜம் அதுதான் என்று தோன்றியது.

"எங்ககூடவே வந்துடுங்கன்னு சொல்ல எனக்கு ஆசைதான் அண்ணி. ரூம்தான் இல்லையே" என்று பின்னாலிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது. பிறகு தம்பி, "ஒண்ணு மட்டும் அக்கா. அவங்க வந்து பாக்கற வரைக்கும் கொக்கியில இருக்கற தொப்பிய எடுத்துடாதே. படத்துல அதுதான் ரொம்ப அழகா இருக்குன்னு தரகர் சொன்னார்" என்றான்.

போனை வைத்துவிட்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள், கேட்பதற்குத்தான் யாருமில்லையே. சுவருக்குப் பாசி இருந்தவரை அவள் தலைக்குக் கூரை இருந்தது. சுரண்டியது யார்? அவள்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம்; இவள் அதை ஓரம் மடித்து, கொக்கி வைத்துத் தைத்து எட்டு ஜன்னலிலும் மாட்டியிருந்தாள்.

கோடை முடிகிற சமயம் வாங்குகிற அம்மாள் வந்தாள். மரியாதையான பெண்மணி. குரலை உயர்த்தாமல் எல்லா அறையையும் பார்த்தாள், தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். கூடத்து ஜன்னலில் திரையின் ஓர மடிப்பை விரித்துப் பார்த்தவள் நின்றாள்.

"இது திருப்பித் தச்சிருக்கே."

தம்பி பூக்காரியைப் பார்த்தான். "இவங்கதான் தச்சவங்க" என்றான்.

அக்கா என்று சொல்லவில்லை. சொல்ல மறந்தானோ, சொன்னால் அந்த அம்மாளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று விட்டானோ. எதிரில் நின்றது அந்த அம்மாள் அல்லவா.

"வேணும்னேதான் அப்படித் தச்சேன்" என்றாள் பூக்காரி. "ரொம்ப வருஷம் வெயில் பட்ட மாதிரி இருக்கணும்னு."

அந்த அம்மாள் யோசித்துப் பார்த்தாள், நிஜமாகவே யோசித்தாள். "உங்களுக்குப் புரியுது. வீட்டுக்கு வர்றவங்களுக்குத் தையல்ல தப்புன்னுதானே தோணும்? இந்தப் பக்கம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கும். அதை அறைப்பக்கமா வச்சுத் தச்சுக் குடுத்துடுங்க, அப்படியே வச்சுக்கறேன்."

"ஒரு வாரத்துல முடிச்சுடுவாங்க" என்றான் தம்பி.

மறுநாள் காலை எட்டுத் திரைகளையும் இறக்கினாள். முதல் திரையைப் பிரித்து, நல்ல பக்கத்தை மேலாக்கி மேஜையில் விரித்தாள். விரித்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கோடை முழுக்கக் கண்ணாடியைப் பார்த்து நின்ற பக்கம் அது. மடிப்பின் மேடுகளில் வெயில் சாயத்தைக் குடித்திருந்தது, பள்ளங்களில் நீலம் அப்படியே இருந்தது. பூவை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வெளுத்த பட்டைகள். எட்டும் அப்படித்தான். அவள் போலியாக நடத்திக் காட்டியது இருபது கோடை. நிஜமாக நடந்த ஒரு கோடை அறைக்குத் தெரியாமல் முதுகுப்பக்கம் நடந்திருந்தது.

பின்பக்கம் தப்பு, முன்பக்கம் பாழ். தம்பியிடம் சொன்னாள். அவன் கேட்டுச் சொன்னான்: "பரவாயில்லையாம் அக்கா, அவங்க புதுசு போட்டுக்கறாங்களாம். நீயே எடுத்துக்க எல்லாத்தையும். தொப்பியையும்தான், பாப்பாவுக்கு வேற வாங்கியாச்சு."

வாடகைக்குக் கிடைத்த அறை மூன்றாம் மாடியில், ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஏழு திரைகள் பெட்டிக்குள் கட்டிலடியில் போயின. தொப்பிக்குச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். எட்டாவது திரையைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், எந்தப் பக்கத்தை உள்ளே போடுவது என்று ஜன்னலருகே நின்று யோசித்தாள். வெயில் எந்நேரம் வரும் என்று பார்க்கத் தலையை வெளியே நீட்டினாள். கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர், அண்ணாந்தால் அதன் ஆறு மாடி. வீட்டுக்காரம்மா சாவி கொடுக்க வந்தவள், "இங்க வெயிலே வராது, துணி எத்தனை வருஷமானாலும் வெளுக்காது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். பூக்காரி கைக்கு வந்த பக்கத்தைப் போட்டு மாட்டினாள்.