பூசையில் இருந்த ஸ்பானர்

1.
இந்தக் கதை ஒரு பொய்க் காகிதத்திலிருந்து பிறந்தது. 'சேலைத் தலைப்பு பெல்ட்டில் சிக்கியது. வேலைக்காரியின் கவனக்குறைவு' என்று ரைஸ் மில் முதலாளி எழுதிக் கொண்டுவந்தார். வீட்டில் எழுத்து தெரிந்தவள் அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் ஒருத்திதான். வாசித்துக் காட்டினேன். முத்துத்தாய் அக்கா இடது பெருவிரலை வைத்தாள். வலது கைதான் போய்விட்டதே. பொய் என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

2.
'அவனியாபுரத்தில் அழகான ஒரு காலை வேளையில்...'

(அடித்துவிட்டேன். என்ன அழகு?)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், ஆயுத பூசை. ஸ்பானர், சுத்தியல் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன்னால். மறுநாள் வரை தொடக்கூடாது. ஆனால் நெல் குவிந்து கிடந்ததால் இன்ஜின் மட்டும் ஓடியது. அக்காவுக்குச் சோறு கொண்டுவந்த ஒருத்தி தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். (நான்தான். 'அவள்' என்று எழுதினால்தான் எழுத்து ஓடுகிறது.)

"மொதலாளி, பெல்ட்டுச் சக்கரத்தைத் தாங்குற போல்ட்டுல நட்டு கழலுது. ஸ்பானரை எடுக்கவா?" என்றான் மில்லில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் தவசி.

"பூசையில இருக்கதைத் தொடுவியா? கையால திருகிவிடுடா."

"கை முடுக்கு தாங்காது. இன்ஜினையாவது நிப்பாட்டுவோம்."

"அம்புட்டு நெல்லையும் உங்கப்பனா குத்துவான்?"

முதலாளி நகர்ந்ததும் அக்கா சிரித்தாள். "அண்ணே, நெல்லு அரைச்சா சாமிக்குக் கோவம் வராதாம். நட்டை முடுக்கினாத்தான் வருமாம்!"

(சரியான முறை, தவசி பிறகு சொன்னது: இன்ஜினை நிறுத்த வேண்டும். வாசர் என்கிற இரும்பு வளையத்தைப் போட்டு, நட்டைக் கையால் ஏற்றி, எதிரெதிராக நாலு போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பானரால் முடுக்க வேண்டும். மேலே இன்னொரு நட்டை ஏற்றிப் பூட்ட வேண்டும். கால் மணி நேர வேலை. கால் மணி நேரம்!)

3.
தவசியை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் கையால்தான் திருகுகிறான். 'கோழை' என்று எழுதி அடித்தேன். வாசலில் சும்மா நின்றவளை என்னவென்று எழுதுவது?

அக்காவின் தலைப்பு இடுப்பில் இறுகச் செருகியிருந்தது. நான் பார்த்தேன். நட்டு கழன்றது. சக்கரம் சாய்ந்தது. பெல்ட்டு தெறித்து அக்காவின்

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

4.
முடிவுகள். தவசி துணிந்து ஸ்பானரை எடுக்கிறான்: பொய். முதலாளி அழுகிறார்: அதைவிடப் பெரிய பொய். மறுநாள் அவர் புது வாசரும் இரட்டை நட்டும் போடச் சொன்னார்: அது மட்டும் உண்மை. எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

ஆகவே நான் முடிக்கமாட்டேன். இந்த நோட்டில் இன்ஜின் இன்னும் ஓடுகிறது. நட்டு கடைசி இரண்டு சுற்றில் நிற்கிறது. ஸ்பானர் அதோ, சந்தனம்கூடக் காயவில்லை. படிக்கிற உங்களுக்கு இரண்டு கையும் இருக்கிறதல்லவா?

பிறகு ஏன் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்?