இதோ வர்றேன்

அவருக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எவ்வளவு தாமதமாக வரும் என்று பதினாறு வருஷமாக ஒலிபெருக்கியில் சொல்லிவந்தார். வேலை முடிந்த பிறகும் வாய் ஓயாது. அதனால் கூட இருப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். பேசிக்கொண்டே குத்தினால் நரம்பு தப்பிவிடும் என்று பேசாமலிருந்தே பழகிப்போனவள். "ரெண்டு பேர் பேச வேண்டியதை நான் ஒருத்தனே பேசி முடிச்சிடறேன், உனக்கு வேலை மிச்சம்" என்பார் ரேடியோ.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து இருவருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைத்தது. மலையருவி ஒன்றைப் பார்க்கக் கிளம்பினார்கள். அருவிக்கு முக்கால் மணி நேர நடையில் ஒரு சிற்றூர். ஒரே தெரு, இருபது வீடுகள், ஒரு விடுதி. விடுதியை நடத்திய அம்மாளின் புருஷன் மெக்கானிக்கும்கூட. கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

சாவியைக் கொடுத்தபடி விடுதிக்காரம்மா ஒப்பித்தாள். "வெந்நீர் காலைல எட்டு மணி வரைக்கும்தான். ஈரத்துணியை ஜன்னல்ல போடாதீங்க. அருவி சில நேரம் நின்னுடும். நின்னா வாயைத் திறக்காதீங்க, யார் கூப்பிட்டாலும். சாப்பாடு வேணும்னா நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க."

"அருவி எதுக்கும்மா நிக்குது? மூச்சு வாங்கவா?" என்றார் ரேடியோ.

அவள் சிரிக்கவில்லை. "மேல எங்கயோ தண்ணி பாறைக்குள்ள இறங்கிடுதுன்னு மலையை அளக்க வந்தவங்க சொன்னாங்க. ரெண்டு நிமிஷத்துல திரும்பிடும். எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது."

அன்று பகலிலேயே நடந்தார்கள். மரவேர்களே படிகளாகிக் கிடந்த பாதை. முதல் வளைவில் மெல்லக் கேட்ட இரைச்சல் வளைவுக்கு வளைவு கூடிக்கொண்டே போய், கடைசியில் ரேடியோவின் பேச்சையே விழுங்கிவிட்டது. அவர் வாய் அசைவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அருவி, அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்திலிருந்து ஒரே வெள்ளையாக விழுந்தது. இரும்புக் கம்பித் தடுப்பு, அதன் முன்னால் ஒரு பெஞ்சு. இருவரும் உட்கார்ந்து சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். விறகுக் கட்டோடு ஒரு ஆள் அந்தப் பக்கம் கடந்துபோனார்.

இரைச்சல் சட்டென்று அறுந்தது.

கடைசித் தண்ணீர் கீழே விழுந்து சிதறியதும் கறுத்த பாறை மொட்டையாக நின்றது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. விறகுக்காரர் நின்ற இடத்திலேயே குந்தி, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே."

பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. கத்தலில்லை, அலறலில்லை. ரொம்ப நேரம் சுமை தூக்கிக் களைத்த ஆளின் குரல்.

"அண்ணே, கொஞ்சம் கை குடுங்களேன். தனியா முடியல."

அவள் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதற்குள், "யாருப்பா அது? இதோ வர்றேன்!" என்று சொல்லிவிட்டார்.

தண்ணீர் இடி விழுந்ததுபோல் இறங்கியது. விறகுக்காரர் கட்டை எடுத்துக்கொண்டு, இவர்கள் பக்கம் திரும்பாமலே ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். ரேடியோ தடுப்பைச் சுற்றிப் போய்த் தேடினார். நனைந்த பாறையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

ஊருக்குத் திரும்பியபோது செய்தி முந்திக்கொண்டிருந்தது. அவர்கள் நடக்க நடக்க ஒவ்வொரு வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. விடுதி வாசலில் அந்த அம்மாள் நின்றிருந்தாள்.

"பதில் சொன்னாரா?"

"சொல்லிட்டார்."

"என்னன்னு?"

"இதோ வர்றேன்னு."

 "வேற எதையாவது சொல்லியிருக்கலாம்" என்றாள் அந்த அம்மாள்.

சாப்பிடும்போது ரேடியோ வாய் திறக்கவில்லை. நடந்த அலுப்பு என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் பெட்டியைக் கட்டி, அவரைப் பஸ்ஸுக்கு அழைத்துப் போனாள். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

"ஏறுங்க."

"அங்க ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு."

"யாரு?"

"தெரியல. ஆனா சொல்லிட்டேன்ல?" என்றார் நிதானமாக. தாமதமாகும் வண்டிக்கு மன்னிப்புக் கேட்கும் அதே குரல். சொல்லிவிட்டு அருவிப் பாதையில் காலெடுத்து வைத்தார்.

அவளும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, விடுதி அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். அவர் முரண்டு பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றாமல், கதவைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"இதுக்கு முன்னால இப்படிப் பதில் சொன்னவங்க?" என்று அவள் கேட்டாள்.

"போனாங்க" என்றாள் விடுதிக்காரம்மா.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மெக்கானிக்கைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாக அருவிக்கு நடந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். நனைந்த உடையோடு மதியம் தாண்டியும் இருந்தாள். பற்கள் கிட்டித்தன. சொல்ல வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். 

வெயில் பாறையை விட்டு இறங்கும் நேரத்தில் அருவி நின்றது.

"அண்ணே, வர்றேன்னீங்களே."

அவள் எழுந்து நின்றாள். "அவர் வரமாட்டார். தெரியாமச் சொல்லிட்டார். அவருக்காகக் காத்திருக்காதீங்க."

பாறைக்குப் பின்னால் ஏதோ கனமான ஒன்றை மெல்லக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெருமூச்சு.

"சரிக்கா."

 அந்தக் குரலைக் கேட்க அவளுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்று வாயெடுத்தாள்.

"அப்ப நீங்க வர்றீங்களா?" என்றது குரல், இந்த முறை கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

அவள் உதட்டைப் பல்லால் கடித்தாள். ரத்தம் உப்புக்கரித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் இறங்கும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கியதும் ஓடினாள்.

விடுதிக் கூடத்தில் ரேடியோ சோபாவில் உட்கார்ந்து மெக்கானிக்குக்கு ரயில் இன்ஜினைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "எங்க போயிட்ட நீ? இவர் என்னை எதுக்கு உள்ள வச்சுப் பூட்டினாருன்னு கேட்டா முழிக்கிறாரு!" என்றார். பஸ் நிறுத்தத்துக்குப் போனதே அவருக்கு நினைவில்லை. அவள் அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள். என்ன ஏது என்று தெரியாமல் அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மாலை பஸ்ஸில் பெட்டியை ஏற்றும்போது விடுதிக்காரம்மா ஜன்னலோரம் வந்தாள்.

"உன்னை ஏதாவது கேட்டுச்சாம்மா?"

ஆமாம் என்று அவள் தலையசைத்தாள்.

"பதில்?"

இல்லை என்று கையசைத்தாள்.

"அப்ப கேட்டுக்கிட்டேதான் இருக்கும்" என்றாள் அந்த அம்மாள், ஜன்னல் கண்ணாடியை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தியபடி.

ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. ரேடியோ வழக்கம்போல வண்டிகளை அறிவிக்கிறார், வீட்டுக்கு வந்து மிச்சத்தைப் பேசுகிறார். பரிசோதனை நிலையத்தில் அவளைப் பின்னாலிருந்து யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால், திரும்பி ஆளைப் பார்க்கிறாள். முகம் தெரிந்தால் பதில் சொல்கிறாள். சில நாள் திரும்பும்போது அங்கே யாரும் இருப்பதில்லை. அப்போது ஊசியை மூடி வைத்துவிட்டு, வாயை இறுக்கிக்கொண்டு, அந்தக் குரல் ஓயும் வரை நிற்கிறாள்.