மூன்றாவது கோப்பை

எங்கள் விமானப்படைப் பிரிவில் 'கடைசி' என்ற சொல்லுக்கு இடமில்லை. கடைசிப் பறப்பு என்று சொன்னால் அதுவே கடைசியாகிவிடுமாம். 'ஓரத்துப் பறப்பு' என்போம். ரொட்டிக் கடை வரிசையில்கூட "ஓரத்துல யாரு?" என்றுதான் கேட்போம். கல்யாணமாகி ரஷ்யாவின் கிழக்குக் கோடியான இந்தக் கம்சத்காவுக்கு வரும் பெண்களுக்கும் சீக்கிரமே நாக்கு பழகிவிடும்.

போன வருஷம் மார்ச்சில் நானும் ரோடியோனும் தனித்தனி விமானத்தில் கடல்மேல் போனோம். மூடுபனி. நான் திரும்பினேன், அவன் திரும்பவில்லை. கப்பல்கள் தேடின. ஒரு துண்டு இரும்புகூடக் கிடைக்கவில்லை.

அவன் 'காப்பா' என்று கூப்பிடும் அவன் மனைவி கபிதோலினா நம்பவே இல்லை. ஆகஸ்டில் விமானப்படை நாள் விருந்து, எங்கள் தளபதி வீட்டில். முதல் கோப்பை விமானங்களை வாழ்த்திக் குடிப்பது. இரண்டாவது வீட்டுப் பெண்களுக்கு. மூன்றாவது திரும்பி வராதவர்களுக்கு. எழுந்து நின்று, பேசாமல், கோப்பையோடு கோப்பை முட்டாமல் குடிக்க வேண்டும். அதை ஊற்றும்போது சொன்னாள்:

"இதுல ரோடியா சேர்த்தியில்ல. அவனை நெனச்சு எவனாவது எழுந்தீங்க, இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

மற்றவர்களை நினைத்துக் குடித்தோம். ஒரே அறையில் என்னோடு குப்பை கொட்டிய நண்பனுக்காக வாய்விட்டு அழக்கூட எனக்கு உரிமையில்லை. அவள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இந்த ஆகஸ்டிலும் வந்தாள், உப்பு மீன் தட்டோடு.

"என்னம்மா, மீன்ல முள்ளு மட்டுந்தான் இருக்கு?" என்றார் தளபதி சவேலி குஸ்மிச்.

"சதையெல்லாம் உங்க வயித்துக்குப் போயிடுச்சே, சவேலி குஸ்மிச்!"

எல்லோரும் சிரித்தோம். இரண்டு கோப்பை முடிந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வென்யா, வயர்லெஸ்ல நீதானே அவன்கூட பேசிட்டிருந்தே. கடைசியா என்ன சொன்னான்?"

அபசகுனம் போக மரத்தைத் தட்டுவோமே, அதற்காக யாரோ கையைத் தூக்கினான். தட்டாமலே இறக்கிவிட்டான். ஒரு விமானியின் மனைவி அந்தச் சொல்லைத் தெரிந்தே சொன்னாள் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

"'சூப் ஆறிப்போயிருக்கும், காப்பா திட்டப்போறா'ன்னு சொன்னான்" என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னான்.

"திட்டத்தான் செஞ்சேன்" என்றாள். "நீங்க வந்து கதவைத் தட்டுற வரைக்கும் திட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவதை ஊத்துங்க, சவேலி குஸ்மிச்."

அவள்தான் முதலில் எழுந்தாள். நாற்காலிகள் தேய, நாங்களும் எழுந்தோம். இத்தனை நாள் இதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் வந்தபோது எனக்கு வேண்டியிருக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் அவள் எங்களை உட்காரச் சொல்லி அதட்டியிருக்கலாம்.

பழக்கத்தில் அவள் தன் கோப்பையை என் கோப்பையோடு முட்ட நீட்டினாள். நான் என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.