நிழல் போடுகிறவள்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. என் தங்கை இன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், "அண்ணா, இன்னிக்கு ஒரு அம்மா கீழ விழுந்தாங்க. அப்பதான் என் வேலை எவ்வளவு நல்லா வந்திருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது" என்றாள். எழுதுகிறவன் காதில் இப்படியொரு வாக்கியம் விழுந்தால் சும்மா இருப்பானா? எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. கிண்டல் மட்டும் பண்ணாத."

முயற்சி செய்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "மெய்க்கும் பொய்க்கும் இடையே மனிதகுலம் என்றென்றும்..." [நிறுத்திவிட்டேன். இது கதையா, பட்டமளிப்பு விழாப் பேச்சா?]

இரண்டாவது: "ஹெட்செட்டைத் தலையில் மாட்டியதும் அவள்..." [மாட்டியதும் என்ன? எனக்கே தெரியாது. பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டு வந்தேன்.]

கேட்டு வந்தது இதுதான். அவள் நிறுவனம் பழுதுபார்ப்பவர்களுக்காகக் கண்ணை மூடி மாட்டுகிற ஹெட்செட் தயாரிக்கிறது. மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கும் நிஜ இயந்திரமும் தெரியும். அதன்மேல் இல்லாத அம்புக்குறியும் இல்லாத உதிரிப் பாகமும் சேர்ந்து தெரியும். எந்தத் திருகை முதலில் கழற்றுவது என்று அம்பு காட்டும். இதற்குக் கலப்பு மெய்ம்மை என்று பெயராம். பாலில் தண்ணீர் கலக்கிற மாதிரியா என்று கேட்டேன். முறைத்தாள்.

அதில் அவள் வேலை, நிழல் போடுவது. நிழலில்லாத பொருள் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். நிழல் விழுந்துவிட்டால் தரையில் உட்கார்ந்துவிடும். "நிழலால பேட்டரிதான் தீருது, விட்டுத் தொலையேன்" என்று மேலாளர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். இவளாவது, விடுவதாவது.

3

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சோதனை அறையில் நிஜ நாற்காலிக்குப் பக்கத்தில் பொய் நாற்காலி ஒன்றைப் போட்டுவைப்பார்கள். ஹெட்செட்டோடு உள்ளே வருகிறவர் எது பொய் என்று சொல்ல வேண்டும். வெளியாள் வந்தால் அதை அழித்துவிடுவார்கள். இன்று அழிக்க மறந்துபோனார்கள். தினமும் பார்த்துப் பார்த்து அவர்களுக்கே அது அறைச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

வந்தவர், லிப்ட் பழுதுபார்க்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் கொள்முதல் அதிகாரி. அவர் வாங்காவிட்டால் குழுவையே கலைத்துவிடுவோம் என்று மேலிடத்தில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அந்த அம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மோட்டாரைச் சுற்றிப் பார்த்து, அம்புகளை மெச்சி, "கொஞ்சம் உக்காந்து பாக்கறேனே" என்று உட்கார்ந்தார்.

[இங்கே 'தொபுக்கடீர்' என்று எழுதியிருந்தேன். தங்கை அந்தச் சொல்லை அடித்துவிட்டாள். "அவங்க மெதுவாதான் விழுந்தாங்க." மெதுவாக விழுவதற்கு என்ன சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அடி எதுவும் படவில்லை.]

4

மேலாளரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதினேன். அதுவும் போயிற்று.

"அவரு நல்லவருதான். தூக்கிவிட மொதல்ல ஓடுனதே அவருதான்."

சரி, வில்லன் இல்லாத கதை. என் தலையெழுத்து.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. ஹெட்செட்டையும் கழற்றவில்லை. தரையில் இருந்தபடியே பொய் நாற்காலியின் காலுக்குள் கையை விட்டு விட்டு எடுத்தார்.

"நெழலெல்லாம் விழுதே. யாரு பண்ணது?"

"நான் அப்பவே வேணாம்னு சொன்னேங்க" என்றார் மேலாளர். என் தங்கை கையைத் தூக்கினாள்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கம்மா. அதான் பயமா இருக்கு. எங்க ஆளுங்க லிப்ட் குழிமேல பலகை போட்டு நிக்கிறவங்க. நாளைக்கு இதே மாதிரி இல்லாத பலகை ஒண்ணு அங்க தெரிஞ்சா? இல்லாதது இல்லாததுன்னு பாத்த உடனே தெரியணும். நெழல எடுத்துட்டுக் காட்டுங்க. நாளைக்கே வாங்கிக்கறேன்."

5

முடிவு அ: தங்கை வேலையை உதறிவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேறுகிறாள்.

வாசித்துக் காட்டினேன். "நான் போயிடுவேன். குழுவுல மத்தவங்க வீட்டுல அடுப்பு எரிய வேணாமா? நீ போய் எரிப்பியா?" அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: நிழல் இருக்கட்டும், பொய்ப் பொருள்களை மட்டும் நீல நிறத்தில் பளபளக்க வைத்து இரண்டு பக்கமும் சமாதானம்...

"பளபளன்னு எரியறதுக்கு நெழல் எதுக்கு? மத்தியானமே பேசி முடிச்சாச்சு." இதுவும் போயிற்று.

முடிவு இ: ஆட்கள் உயிர்தான் பெரிது என்று அவள் சந்தோஷமாக நிழலை எடுக்கிறாள்.

"சந்தோஷமாவா?" என்றாள். பையிலிருந்து தன் கணினியை எடுத்துக்கொண்டே:

"அவங்க சொன்னது தப்புன்னா சண்ட போட்டிருப்பேண்ணா. சரியா சொல்லிட்டாங்க. அதான் ஆத்திரம் ஆத்திரமா வருது."

கண் கலங்கியிருந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

6

நிழலை எடுத்துவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உங்களுக்கும் இருக்காது. என் சிக்கல் அதற்கடுத்த வரி. வேலையை முடித்துவிட்டு அவள் வெளியே வருவாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். 'நல்லதுதானே பண்ணின' என்றால் கடித்துக் குதறுவாள். 'ஐயோ பாவம்' என்றால் இன்னும் மோசம். 'போனா போகுது விடு' என்று சொன்னால் இந்த ஜென்மத்தில் என்னோடு பேசமாட்டாள். மூன்று தடவை எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.

தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. தாழ்ப்பாளை விலக்குகிறாள். இவ்வளவு நேரம் கூடவே வந்தீர்களே, சும்மா பார்த்துக்கொண்டு நிற்காமல் சொல்லுங்கள். அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?