நான்காம் நாள் தட்டு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கணவர் ஜெயராஜ் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே என் தம்பி லோகு. இருவருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனி. பூஜைக்கு மெஷின்களைத் துடைக்கும்போது மெஷின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஓடுகிற கூலிங் டவரையும் கழுவிவிடுவது அங்கே வழக்கம். உள்ளே இறங்கி, வேகமாகத் தண்ணீர் அடித்துப் பாசியைப் பெயர்ப்பார்கள். டவருக்குள் புகைபோலச் சாரல் நிற்குமாம்.

"மாமா பாசியில வழுக்கி டான்ஸே ஆடிட்டாருக்கா."

"நீ இன்னா, கை குட்த்து தூக்கினியா? சிரிச்சிக்கினுதான இருந்த," என்றார் அவர். "ஞானம்மா, துண்டு குடு. நாளைக்கு பூஜைப் பொரி எட்த்தாறேன். பாஸ்டர் கேட்டா நீதான் துன்னன்னு சொல்லிடுவேன்."

துண்டைக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் இருவருக்கும் காய்ச்சல். சென்னையில் சேர்த்தோம். நிமோனியா என்று ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. அவருடைய சளிப் புட்டியை லேபுக்கு நான்தான் எடுத்துப் போனேன். அங்கிருந்த கல்பனா அதைச் சாய்த்துப் பார்த்தார்.

"தண்ணியாட்டம் இருக்குதேக்கா. இத எடுக்க மாட்டோம். வேற வாங்கினு வாங்க."

"அவரால இருமவே முடியலம்மா. டவர் கழுவினதுலேர்ந்து இப்படித்தான்."

"இன்னா டவர்?"

சொன்னேன். அவர் புட்டியைத் திருப்பித் தரவில்லை.

புட்டி கொடுத்த மூன்றாம் நாள் மதியம் ஜெயராஜ் போய்விட்டார். மறுநாள் காலை அடக்கம் முடிந்ததும் நேராக லோகுவிடம் வந்தேன். அவனுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். "மாமா எப்படிக்கீறாரு?" என்று கேட்டான். "தூங்குறாரு," என்றேன்.

அப்போது கல்பனா வார்டுக்குள் ஓடிவந்து டாக்டரிடம் ஏதோ சொன்னார். அந்த நிமிடமே லோகுவின் மருந்தை மாற்றினார்கள்.

"இது முளைக்க நாலு நாளாவும்க்கா. உங்க ஊட்டுக்காரர் சளியில இன்னிக்குத்தான் வளந்துச்சி. பாக்குறீங்களா?"

லேப் மேஜைமேல் கிருமி வளர்க்கும் இரண்டு தட்டுகள். ரத்தம் கலந்த சிவப்புத் தட்டில் தொண்டையில் சாதாரணமாக இருக்கும் கிருமிகள் மட்டுமே. மற்றது கரி கலந்த கறுப்புத் தட்டு.

"டவர் தண்ணியில வளந்து சாரலோட மூச்சுல போற கிருமி இது. ரொம்ப பிகு பண்ணும். புது மாப்ள கணக்கா எல்லாம் கேக்கும். இரும்பு வேணும், தனிச் சத்து வேணும். அதுக்குக் கெடுதலானத கரி உறிஞ்சிக்கும். மத்த கிருமிங்க முந்திக்காம இருக்க மருந்து வேற கலந்துகீறோம்."

கறுப்பின்மேல் ஐந்தாறு சாம்பல் நிறப் புள்ளிகள், ரவையைவிடச் சற்றுப் பெரியவை. மூடியைத் திறக்காமல் விளக்கடியில் லென்ஸ் வைத்துக் காட்டினார். ஒவ்வொன்றின் உள்ளும் கண்ணாடியை நொறுக்கிப் பரப்பியதுபோல் இருந்தது. ஓரத்தில் நீலமும் ரோஜா நிறமும் ஓடின. சபிக்கத்தான் வந்திருந்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்று எதைத் தின்னும், எதற்கு அஞ்சும் என்று யாரோ எத்தனை வருடம் உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பார்கள்! அதன்முன் என் வாயில் ஜெபமும் வரவில்லை.

லோகு பதினைந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான். இப்போது தண்ணீரில் மருந்து ஊற்றி, முகமூடி போட்டுக்கொண்டுதான் டவருக்குள் இறங்குகிறார்கள்.

என் கணவரிடமிருந்து எடுத்த கிருமியைக் கல்பனா உறையவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். புதிதாகக் கறுப்புத் தட்டுகள் செய்யும்போதெல்லாம் முதலில் அதைத்தான் இட்டுப் பார்ப்பார்களாம். அது முளைத்தால்தான் மற்ற நோயாளிகளுக்கு அந்தத் தட்டுகள்.

ஆறு வருடமாக ஆயுத பூஜையன்று கல்பனாவுக்குப் போன் செய்கிறேன்.

"இப்பவும் நாலாம் நாளாம்மா?"

"நாலாம் நாள்தான்க்கா."