நாற்பத்தேழு சதவீத ஆன்மா

"ஒரு கம்பெனியோட ஆன்மா அதோட லாப விகிதத்துலதான்யா குடியிருக்கு."

இப்படி என்சியோ பிரகடனம் செய்தபோது அவர் உடம்பில் ஒரு நூல்கூட இல்லை. எங்களுக்கும்தான். பின்லாந்தின் ஓலு நகரில் எங்கள் மூவரின் பங்கு முதலீட்டுச் சங்கம் சவுனா என்னும் நீராவிக் குளியலறையில்தான் கூடும். அந்த ஆவியில் காகிதம் நனையும், கண்ணாடி மங்கும். ஆகவே ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான என்சியோ சொல்வதே கணக்கு. மறுப்பு உண்டா என்று கேட்பார், நாங்கள் வேர்த்துக்கொண்டு சும்மா இருப்போம், தீர்மானம் நிறைவேறிவிடும். ஆறு வருடமாக இப்படித்தான்.

இம்முறை விஷயம் லும்மெயின் பங்குகளை வாங்குவது. செல்போன் கோபுரங்களில் மாட்டும் பெட்டிகளைச் செய்துவந்த கம்பெனி. டிசம்பரில் தொழிற்சாலையை மூடிவிட்டு மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருந்தது. அங்கே பெட்டிகளைப் பொருத்திக்கொண்டிருந்தவர்தான் எங்கள் சங்கத்தின் மூன்றாம் ஆள் தவுனோ. அவரை வேலையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த இருபதாயிரம் யூரோ இப்போது சங்கத்தின் கணக்கில் இருந்தது. அவருக்கு வேறு சேமிப்பு கிடையாது.

"நூறு யூரோவுக்கு வித்தா முன்னால முப்பத்தெட்டு நின்னுது. இப்ப நாப்பத்தேழு நிக்குது," என்றபடி என்சியோ அடுப்புக் கற்களில் தண்ணீர் ஊற்றினார். "மறுப்பு உண்டா?"

"ஒண்ணு கேக்கலாமா மேனேஜரே?" என்றார் தவுனோ.

சவுனாவில் கேள்வியா! நான் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த ஒம்பது எங்கேருந்து வந்துச்சு?"

"உன்ன மாதிரி ஆளுங்கள அனுப்பினதுலதான்பா."

"நாங்க போனது டிசம்பர்ல. இது அதுக்கு முந்தின செப்டம்பர் கணக்காச்சே?"

என்சியோ இன்னொரு கரண்டி ஊற்றினார். தவுனோ எழுந்து, துண்டுகூட இல்லாமல் உடைமாற்றும் அறைக்குப் போய் அங்கே கிடந்த லும்மெயின் காலாண்டு அறிக்கையைப் புரட்டினார். பின்னாலேயே நாங்களும் போனோம். பதினேழாம் பக்க அடிக்குறிப்பில் அவர் விரல் நின்றது. லும்மெயின் காப்புரிமைக்காக ஒரு போன் கம்பெனி தரவேண்டிய மூன்று வருடப் பாக்கி, மொத்தமாக ஒரே காலாண்டில் வந்து விழுந்திருந்தது.

"அத எடுத்துட்டா?" என்றேன்.

தவுனோ பென்சிலால் போட்டுப் பார்த்தார். "முப்பத்தேழு. முன்னவிட ஒண்ணு கம்மி! நல்லா இருக்குல்ல? பொட்டி இல்லாம இவனுங்க எவ்வளவு மிச்சம் புடிக்கிறாங்கன்னு அடுத்த கணக்கு வரட்டும், பாப்போம். நான் மறுக்கிறேன் மேனேஜரே."

"நானும்," என்றேன்.

சங்க வரலாற்றின் முதல் இரண்டு மறுப்புகள். என்சியோ ஒரு காலுறையை மட்டும் மாட்டிக்கொண்டு, அதையே பார்த்தபடி நின்றார்.

தவுனோவின் பணம் உட்பட மொத்தத்துக்கும் என்சியோ கூட்டத்துக்கு முன்பே, செவ்வாய்க்கிழமையன்று, லும்மெ பங்கு வாங்கிவிட்டிருந்தார்.