தாடைக்கு ஒரு ஜெபச் சீட்டு

…பத்து மில்லிமீட்டர் என்றுதானே சொன்னார், ஒரு சென்டிமீட்டர் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் நான் அப்போதே எழுந்து வந்திருப்பேன், இயற்பியல் வாத்தியாரிடமே அலகை மாற்றிப் பயத்தைக் குறைக்கப் பார்க்கிறார் டாக்டர் ஷ்யாம்சுந்தர், கெட்டிக்காரர்தான், மேல்தாடை கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து, பத்து மில்லிமீட்டர் முன்னால் இழுத்து, தகடு வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவாராம், ஏதோ கதவுக்குக் கீல் மாற்றுகிற மாதிரி பேசுகிறார், "உங்க தாடை கொஞ்சம் உள்வாங்கியிருக்கு சார், தூங்கும்போது நாக்கு பின்னால விழுந்து மூச்சுப் பாதையை அடைச்சிடுது, முன்னால இழுத்தா வழி திறந்துக்கும், அவ்ளோதான்"... அவ்வளவுதானாம். நாளைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தேதி போய்விடும், அப்புறம் மூன்று மாதம் கழித்துத்தான். நாளை என்பது திங்கள், இன்று ஞாயிறு, இப்போது எட்டேமுக்கால், ஆயர் பிரசங்கத்தில் இரண்டாவது குறிப்புக்கு வந்திருக்கிறார், நான் பாடகர் குழுவின் பின்வரிசையில் சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், கண் சொக்குகிறது, என் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது.

சீட்டில் நான் எழுதியிருப்பது ஒரே வரி, தேவானந்தம், செம்பாக்கம், அறுவை சிகிச்சைக்காக. பிரசங்கம் முடிந்ததும் செல்வமேரி அக்கா தட்டு எடுத்துக்கொண்டு வருவார், ஜெபக் குறிப்புகளை அதில் போட்டால் ஆயர் ஒவ்வொன்றாக வாசிப்பார், சபை முழுக்க 'கேட்டருளும்' என்று சொல்லும். ஆஸ்பத்திரிக்காரன் நீட்டுகிற பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக்கூடப் பின்வாங்கலாம், இந்தத் தட்டில் போட்டுவிட்டுப் பின்வாங்க முடியாது, எங்கள் சபையில் அது நடக்காது. எங்கள் பாடகர் குழு ஜெஃப்ரியின் அப்பாவுக்கு நடந்தது தெரியாதா என்ன, குடலிறக்க ஆபரேஷனுக்காகப் பெயரை வாசித்தாயிற்று, மனுஷர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை, ஆனால் அதற்குள் மாதர் சங்கம் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வீட்டுக்கு வந்துவிட்டது, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, படுத்துக்கொண்டே "சுகமா முடிஞ்சுது அக்கா" என்றார், அடுத்த ஞாயிறு நன்றி செலுத்தவும் எழுந்து நின்றார், இன்று வரை அந்தக் குடலிறக்கம் அப்படியேதான் இருக்கிறது, பெல்ட் கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் பாவம். எனக்கு அந்த வசதியும் இல்லை, அவர் குடலிறக்கம் சட்டைக்குள்ளே, என் தாடை ஊருக்கே தெரியும்.

"அண்ணா, தூங்கிடாதீங்க, லைவ் போய்ட்டு இருக்கு..." மெர்வின் முழங்கையால் இடிக்கிறான். பேஸ் என்கிற கீழ்க்குரலில் எனக்குத் துணை என்று சேர்த்தார்கள், இப்போது அவனுக்கு முக்கிய வேலை என்னை இடிப்பது. போன ஈஸ்டருக்கு நேரலையில் நான் வாயைப் பிளந்து தூங்கியதை வெட்டியெடுத்து வாலிபர் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள், யார் குட் நைட் சொன்னாலும் என் முகம்தான் வரும், நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. மானம் போனால் போகட்டும் என்றுதான் தூங்கும்போது காற்றை ஊதி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கிற அந்த மாஸ்க் மெஷினையும் நாலு மாதம் மாட்டிப் பார்த்தேன், முகத்தில் யாரோ உட்கார்ந்து ஊதுவது போல இருந்தது, தூக்கத்தில் நானே பிய்த்து எறிந்திருந்தேன், ஒரு தடவை இல்லை, தினமும். மணிக்கு அறுபத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறதாம், ரிப்போர்ட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால்கூட... நான் எப்போதுதான் மூச்சு விடுகிறேன்? கேம்ப் ரோடு சிக்னலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கண் அசந்தது போன மாதம், பின்னால் ஜோவிதா, ப்ளஸ் டூ பரீட்சைக்குப் போகிற பிள்ளை, "அப்பா க்ரீன் விழுந்துடுச்சு" என்று முதுகில் அடித்தாள், நான் எதையோ யோசித்த மாதிரி சமாளித்தேன். சிக்னலில் நின்றிருந்ததால் சரி, ஓடிக்கொண்டிருந்திருந்தால்? மறுநாள் அவளாகவே ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றாள்.

அப்போ செய்துகொள்ள வேண்டியதுதானே, இதில் என்ன யோசனை என்று யார் வேண்டுமானாலும் கேட்பார்கள், கேட்பது சுலபம். கீழுதடும் முகவாயும் மரத்துப்போகலாம், சில மாதத்தில் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாமலும் போகும் என்று சம்மதப் பாரத்தை விளக்கிய அந்த ஜூனியர் டாக்டர் தம்பி சொன்னாரே, சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாரே, உதடு மரத்தவன் எப்படிப் பாடுவான், 'ப'வும் 'ம'வும் எங்கிருந்து வரும், டீ குடித்தால் ஒழுகுவது தெரியாமல் வகுப்பில் நிற்பேனா, பிள்ளைகள் விடுவார்களா. மயக்கத்திலிருந்து எழாமலே போனால்? இருபத்தெட்டு வருஷமாக இந்த வரிசையில் நிற்கிறேன், ஞானஜோதி அக்கா ஆர்கனில் கை வைத்ததும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார், என் குரல் கீழே இறங்கி நின்றால்தான் மற்றவர்கள் மேலே போக முடியும் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், இது போய்விட்டால் நான் வெறும் குறட்டை விடுகிற வாத்தியார். அப்பாவுக்கும் இதே தாடை, தனசிங் என்றால் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கமே தெரியும், புத்தகம் கையில் இருக்கும்போதே தூங்குவார், குறட்டை தெருவுக்குக் கேட்கும், கவலையில்லாத மனுஷன், என்ன நிம்மதியான தூக்கம் என்று வந்தவரெல்லாம் மெச்சுவார்கள், நாங்களும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம், எவ்வளவு பெரிய மடத்தனம். ஐம்பத்தொன்றில் ஒரு காலை எழவில்லை. நல்ல சாவு என்றார்கள். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது.

ஜோசலினாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு அவள்மேல்தான் கோபம், செய்யுங்க என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, ஏதோ ஒன்று, கட்டின பெண்டாட்டி சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள், நான் ரிப்போர்ட்டை முழுக்க வாசித்துக் காட்டுகிறேன், அவள் கீரை ஆய்ந்துகொண்டே "உங்க உடம்பு, உங்க இஷ்டம்ங்க, நான் சொல்லி நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்கிறாள். அவளுக்கென்ன, நன்றாகத் தின்று நன்றாகத் தூங்குகிறவள்... பிரசங்கம் முடிந்துவிட்டது. பாட்டு. எழுந்து நிற்கிறேன், குரல் சரியாகத்தான் வருகிறது, உதடு மூடுகிறது திறக்கிறது, எவ்வளவு நல்ல உதடு, செல்வமேரி அக்கா தட்டோடு முன்வரிசையை முடித்துக்கொண்டு படியேறி எங்கள் பக்கம் வருகிறார், என் கை பைக்குள் போகிறது, சீட்டு விரலில் படுகிறது, வியர்வையில் கொஞ்சம் நைந்திருக்கிறது, "போடறியா தம்பி?" என்று கண்ணாலேயே கேட்கிறார், நான் இல்லை என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டியது தலைதானா, நானா... தட்டு போய்விட்டது. நெஞ்சுக்குள் ஒரு நிமிடம் லேசாக இருந்தது, உடனே பயம் இரட்டிப்பாக வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்லாரும் உட்கார்ந்து தலைகுனிந்து கண்ணை மூடியிருக்கிறார்கள், ஆயர் வாசிக்கிறார், யாரோ ஒருவருக்குப் பிரசவம், யாருக்கோ விசா, கேட்டருளும், கேட்டருளும், நானும் எல்லோரோடும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் பெயர் வராது என்று தெரிந்தும் காது அதற்காகவே நிற்கிறது, "ஜோசலின் தேவானந்தம், செம்பாக்கம்..." என்கிறார் ஆயர், ஓஹோ, எனக்காக இவளே எழுதிவிட்டாளா, என்னைக் கேட்காமலா, கோபம் சுர்ரென்று ஏறுகிறது, "...இரவில் தூக்கமில்லாமை நீங்க." கேட்டருளும் என்கிறது சபை. யாருக்குத் தூக்கமில்லை? இவளுக்கா? எத்தனை நாளாக? எனக்கு மூச்சு நின்று நின்று வருவதை ரிப்போர்ட் வருவதற்கு முன்பே யார் எண்ணிக்கொண்டிருந்தது, விடிகாலையில் என் தலையணை எப்படி எப்போதும் நேராகவே இருந்தது, பக்கவாட்டில் யார் என்னைத் திருப்பிப் போட்டது... சீட்டில்கூட என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, குறை முழுக்கத் தன்னுடையது போல எழுதியிருக்கிறாள்.

கண்ணைத் திறந்து பெண்கள் பக்கம் பார்க்கிறேன். நாலாவது வரிசை ஓரம், ஜோவிதா, அவள் தோளில் ஜோசலின். முக்காடு சரிந்து கிடக்கிறது, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, தன் பெயரை வாசித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை, நல்ல உறக்கம். ஜோவிதா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள், எழுப்பாதீங்க என்பது போல மெதுவாகத் தலையசைக்கிறாள், இது அவளுக்குப் பழக்கம் போலிருக்கிறது, தோளை அசைக்காமல் எப்படி உட்காருவது என்று தெரிந்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தானா? நான் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், மெர்வின் பக்கத்தில் காவல் இருக்கிறான், எனக்கு மூச்சு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அதனால் கண்ணை மூட முடிகிறது. ஞானஜோதி அக்கா திரும்பி என்னைப் பார்க்கிறார், ஆமென் பாட வேண்டும், என் குரல்தான் முதலில் இறங்க வேண்டும், சத்தமாகப் பாடினால் அவள் எழுந்துவிடுவாளே... இன்னும் இருபது நிமிடத்தில் ஆராதனை முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதும் நான் படுப்பேன், அவள் என் மூச்சை எண்ண எழுந்து உட்காருவாள்.